நான்காவது திருகாணி

டோங் டு பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் மின்சார அண்டா மதியமே நின்றுவிட்டது. நோன்பு திறப்பதற்குள் கஞ்சி தயாராக வேண்டும்.

“கம்பெனிக்காரன்தான் தொறக்கணும் புள்ள. நாம தொட்டா வாரண்டி போயிடும்,” என்றார் காதர் மைதீன்.

“போகட்டும் மச்சான். நாம வாங்குன பொருளை நாம தொறக்கக் கூடாதா? ஃபியூஸ்தான் போயிருக்கும்,” என்றாள் அவர் மனைவி ஜுலைகா. உற்சாகத்தில் அவள் கை பரபரத்தது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்மூடியின் மூன்று திருகாணிகளைக் கழற்றினாள். நான்காவது அசையவே இல்லை. மூச்சு வாங்கக் கையை எடுத்தாள். அது தானாகச் சுழன்று கீழே விழுந்தது. அந்த ஓட்டை வழியாகக் கருகிய ஃபியூஸ் மெல்ல வெளியே வந்தது.

ஜுலைகா புதியதை அவசரமாக நீட்டினாள். உள்ளிருந்து யாரோ அதை வாங்கிக்கொண்டார்கள்.

பிளக்கை மாட்டியதும் பச்சை விளக்கு எரிந்தது.

“அரிசியக் கொட்டுங்க மச்சான்!”