நல்ல பேட்டரி

"தலைக்கு மேல தூக்கிப் பாரு" என்றார் அத்தான்.

அவன் தூக்கினான்.

மரக்கொம்பு அறுக்கும் பேட்டரி வாள். கடைக்காரர் அதில் புதிய, பெரிய பேட்டரி ஒன்றைச் செருகிக் கொடுத்திருந்தார். கையை நீட்டிப் பிடித்தபோது கனம் மணிக்கட்டில் இறங்கியது.

"கனம் உண்டா?"

"கொஞ்சம் உண்டு."

"இருந்தாலும் பாதகமில்ல. பாதியில நிக்கப்பிடாது, பாத்துக்க."

முன்பென்றால் அத்தானே தூக்கிப் பார்த்திருப்பார். இப்போது அவருடைய வலது கை மார்புக்கு மேல் எழாது. இடது கையால் தலை சீவப் பழகிக்கொண்டிருக்கிறார். வகிடு கோணலாக இருந்தது.

அவன் வாளை இறக்கி மேசையில் வைத்தான்.

அத்தான் என்றால் அக்காளின் கணவர், ஞானசிகாமணி. மார்த்தாண்டத்தைச் சுற்றி, வீடுகளின் மேல் சாய்ந்து நிற்கும் மரங்களை ஓடு உடையாமல் கழித்துக் கொடுப்பதுதான் இருவருக்கும் தொழில். அவன் மேலே. அவர் கீழே, கயிற்றோடு.

அத்தானுக்கு அடிபட்ட அன்றைக்கு ஓர் அயனி மரம். கொம்பு பாதி அறுபட்டிருந்தபோது வாள் நின்றது. அவன் மாற்று பேட்டரியைக் கேட்டான். கயிற்றில் கட்டி அனுப்ப, அத்தான் கொம்புக்கு அடியில் வந்தார்.

மாற்று பேட்டரியிலும் உயிர் இல்லை.

"நேத்து நானேல்லா சார்ஜில போட்டேன்!" அண்ணாந்து பார்த்துக் கத்தினார்.

அப்போது ஒரு காற்று வந்தது.

கொம்பு முறியும் சத்தம் அவனுக்குக் கேட்டது. அத்தானின் சத்தம் கேட்கவில்லை. மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கீழே பார்க்காமல் இருந்தான்.

பேட்டரிதான் கோளாறு என்று எல்லோரும் சொன்னார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா அதை மண்ணை வாரித் தூற்றாத குறையாகச் சபித்தாள். வீட்டுக்கு வந்த பிறகு, குழம்பில் கிடந்த நல்ல மீன் துண்டை அவன் தட்டில் வைத்தாள். "நீயாவது தப்பிச்சியே" என்றாள்.

அத்தான் தன்னையே நொந்துகொண்டார்.

"பழசுன்னு தெரிஞ்சும் வாங்குனது எனக்க தப்பு, பெனட்டே. மேலேருந்து நீ விழுந்திருந்தா, உனக்க அக்காளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

சொல்ல வேண்டியது ஒரு வரிதான்.

விபத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஃபுட்பால் பார்க்க ஃபோனில் சார்ஜ் இல்லை. முன்னறையில் ஒரே ஒரு பிளக். மாற்று பேட்டரி ஏறிக்கொண்டிருந்த சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஃபோனைச் செருகினான். திரும்ப மாட்டிவிடலாம் என்றுதான் நினைத்தான்.

ஆட்டம் நன்றாக இருந்தது.

அத்தானின் கைக்கட்டைப் பிரிக்கட்டும், சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டான். கட்டைப் பிரித்தார்கள். கை எழவில்லை. அதன் பிறகு அந்த ஒரு வரியைத் தூக்க அவனுக்குத் திராணி இல்லை.

இன்றைக்குக் கடைக்கு வந்ததும், அத்தான் பையிலிருந்து அந்தப் பழைய மாற்று பேட்டரியை எடுத்து மேசையில் வைத்தார். அவர் அதைக் கொண்டுவருவார் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

"இதுல என்ன கோளாறுன்னு பாரும், தம்பி. அன்னைக்கு மரத்துல ஓடல்ல."

கடைக்காரர் அதை ஓர் ஓரமாகச் சார்ஜில் போட்டுவிட்டுப் புதியவற்றைக் காட்ட ஆரம்பித்தார். பெரியது நெடுநேரம் ஓடும்; கை கடுக்கும். சிறியது கைக்கு இலகு, சீக்கிரம் தீர்ந்துவிடும். சார்ஜரிலும் வேகமாக ஏற்றுவது உண்டு, நிதானமாக ஏற்றுவது உண்டு. அத்தான் ஒவ்வொன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். மேலே நிற்கப்போகிறவன் அவன் என்பதால், ஒவ்வொன்றுக்கும் அவன் முகத்தைப் பார்த்தார்.

எதையாவது வாங்கிக்கொண்டு வெளியேறினால் போதும் என்றிருந்தது அவனுக்கு.

கடைக்காரர் பழைய பேட்டரியைக் கழற்றினார். ஒரு டிரில்லில் மாட்டினார். தடித்த பலகை ஒன்றில் வைத்து அழுத்தினார். மரத்தூள் பறந்தது. இன்னொரு முறை அழுத்தினார்.

"ஒரு கேடும் இல்ல, அண்ணாச்சி. நல்லா ஏறுது, நல்லா ஓடுது. அன்னைக்குச் சார்ஜ் ஏறாம கெடந்திருக்கு. அவ்வளவுதான்."

அத்தான் அதை இடது கையில் வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பிறகு அவனைப் பார்த்தார்.

அவன் கண்ணாடி அலமாரிக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். காது மடல் சுட்டது. யாரோ ஒருவர் ஆணி கேட்டார். கடைப் பையன் இல்லாததால் கடைக்காரரே போய் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

அத்தான் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"அத்தான்..." என்றான்.

அவர் கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

"பெருசையே போடும், தம்பி. மெள்ள ஏத்துத சார்ஜர் போதும்."

"இது இருக்கும்போது புதுசு எதுக்கு?"

"இத நீரே வச்சுக்கிடும்."

"நல்ல பேட்டரியில்லா, அண்ணாச்சி!"

"இல்ல. அது கெட்டுப்போச்சு."

கடைக்காரர் விளங்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு புதிய பேட்டரியை எடுக்க உள்ளே போனார்.

அத்தான் பழையதை மேசையில் வைத்து, எட்டாத தூரத்துக்குத் தள்ளினார். அவன் பக்கம் திரும்பாமலே, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"வீட்டுக்குக் கொண்டுபோனா, உனக்க அக்கா வாள்ல மாட்டி, ஓடுதான்னு பாத்திருவா."