பாதத்துக்கு மட்டும் நலங்கு

"ஏய், நிறுத்து! பொண்ணு மூஞ்சில மஞ்சள் வெக்காத!"

மாப்பிள்ளையின் அம்மா பச்சையம்மாள் போட்ட சத்தத்தில் மேளக்காரரே அடிப்பதை நிறுத்திவிட்டார். நலங்கு வைக்கக் குனிந்த பெண்ணின் அத்தை சாலம்மாள், மஞ்சள் கையோடு அப்படியே நின்றாள்.

மணையில் உட்கார்ந்திருந்த கல்யாணப்பெண் காசியம்மாளுக்கு மட்டும் போன உயிர் திரும்பி வந்தது.

இருக்காதா பின்னே? கல்யாணத்தன்னிக்குக் கொஞ்சம் சிவப்பாகத் தெரியணும்னு, கள்ளக்குறிச்சிக் கடையில் ஏதோ ஒரு கிரீமை வாங்கிப் பூசிக்கொண்டாள். ரெண்டே நாளில் கன்னமெல்லாம் தடித்துப்போய், ஒரே அரிப்பு, எரிச்சல்.

"அலர்ஜிம்மா. ஆறுற வரைக்கும் மூஞ்சில பவுடர், மஞ்சள் எதுவும் கூடாது" என்று தோல் டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார்.

அம்மா ஜெயம்மாள் கேட்டால்தானே! "தோல் வியாதின்னு நெனச்சி கல்யாணத்தையே நிறுத்திட்டாங்கன்னா இன்னாடி பண்றது?" என்று பவுடரை அப்பி, கச்சிராயபாளையத்திலிருந்து மாப்பிள்ளை ஊரான மூங்கில்துறைப்பட்டுக்கு வேன் ஏற்றிவிட்டாள்.

பந்தலில் இப்போது சாலம்மாள் எகிறினாள்.

"இன்னா சம்மந்தி இது? நலங்குன்னா மூஞ்சில மஞ்சள் வெக்காம?"

"எங்க வூட்டு வழக்கம் அப்படித்தான். கல்யாணப் பொண்ணு யாரா இருந்தாலும் கால்லதான் நலங்கு. மூஞ்சில மஞ்சள் பட்டா எங்க குலசாமிக்கு ஆகாது. பவுடரும் ஆகாது. கழுவிட்டு, முக்காடு போட்டுகினு வந்து உக்காரச் சொல்லுங்க."

"எங்கூட்டுப் பொண்ணு கறுப்புன்னுதான இந்த எளக்காரம்? மஞ்சள் கூட வேஸ்ட்டுன்னு நெனச்சிட்டீங்களா?"

"கறுப்போ செவப்போ, வழக்கம்னா வழக்கம்தான். மாத்த முடியாது."

"இப்பவே இந்த ஆட்டம் ஆடுறா. நாளைக்கு இந்தப் பொண்ணு இன்னா பாடு படப்போவுதோ!" பெண் வீட்டுப் பக்கம் முணுமுணுப்பு ஜாஸ்தியானது.

ஜெயம்மாளுக்கு மஞ்சள் இல்லை என்பதில் நிம்மதிதான். ஆனால் கழுவினால் எல்லாம் தெரிந்துவிடுமே!

மாப்பிள்ளையின் அக்கா ஆயம்மாள்தான் காசியம்மாளைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனாள். தண்ணீர் பட்டதும் முகம் குளிர்ந்தது. பவுடர் போனதும் சிவப்புத் திட்டுத் திட்டாக எல்லாம் வெளியே தெரிந்தது. காசியம்மாள் சட்டென்று முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"மூடாத. இந்தா துண்டு. தேய்க்காத, ஒத்தி எடு."

ஆயம்மாள் கொஞ்சம்கூட அதிர்ந்ததாகத் தெரியவில்லை. காசியம்மாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அண்ணி, இது வியாதியெல்லாம் இல்ல. கிரீம் ஒத்துக்கல, அவ்ளோதான். டாக்டர் ஆறிடும்னு சொல்லியிருக்காரு. ஒங்கம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

"நான் எதுக்கு சொல்லப் போறேன்?"

"ஒங்க குலசாமிக்குக் கோடிக் கும்பிடு அண்ணி. அந்த மஞ்சள் மட்டும் பட்டிருந்தா எரிச்சல் தாங்காம அங்கயே கத்தியிருப்பேன்."

ஆயம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எந்த சாமிடி? போன தையில என் கல்யாணம். எங்கம்மாதான் தன் கையாலயே என் மூஞ்சி தெரியாம மஞ்சள அப்பிச்சு."

காசியம்மாள் ஒன்றும் புரியாமல் விழித்தாள்.

"இப்ப பந்தல்ல நானே காதோட காதாக் கேட்டேன், 'ஏம்மா, இந்த வழக்கம் நம்ம வூட்ல எப்பலேர்ந்து?'ன்னு."

"அத்தை இன்னா சொன்னாங்க?"

"'சும்மா இருடி. அந்தப் பொண்ணு மூஞ்சி எரிச்சல் தாங்காம சொறிஞ்சிகினே வேன்லேர்ந்து எறங்குச்சே, அப்பலேர்ந்து'ன்னுச்சு."