வலது கைக்கு மட்டும்

ஜெபராணி ஓடிவந்து டிரில்லிங் மெஷினின் சிவப்புப் பொத்தானை ஓங்கி அறைந்தாள். சுழன்றுகொண்டிருந்த முனை, மாணிக்கராசுவின் கையுறையை உரசப்போகும் தூரத்தில் வந்து நின்றது.

"க்ளவுஸ் போட்டுக்கிட்டு இதுல நிக்கிறியே, சாகறதுக்கா வேலைக்கு வந்தே?"

"இரும்புச் சுருள் கையைக் கிழிக்குதுங்கக்கா."

"கிழிச்சா மருந்து போட்டுக்கலாம். ஆசிட்டுக்கு ரப்பர், வெல்டிங்குக்குத் தோல். இங்கே மட்டும் வெறுங்கைதான். ஒரு நூல் மாட்டினாப் போதும், தோள் வரைக்கும் உள்ளே இழுத்துடும்!"

அவன் இன்றுதான் சேர்ந்தவன். கையுறை கொடுப்பவள் அவள் ஒருத்திதான்; ஸ்டோர் சாவியோ காலையிலிருந்து அவள் இடுப்பில் இருக்கிறது.

"யாருப்பா குடுத்தது?"

"ஸ்டோர் வாசல்ல ஒருத்தர் நின்னாருங்க. 'ஒரு கைக்குத்தான் இருக்கு, போட்டுக்கோ'ன்னு கழட்டிக் குடுத்தாரு."

"ஆள் எப்படி இருந்தாரு?"

"மூஞ்சியைப் பாக்கலீங்கக்கா. அந்தக் கையையே பாத்துட்டு நின்னுட்டேன். ஒரு விரல்கூட இல்லீங்க."

ஜெபராணி அவன் கையிலிருந்து கையுறையை உருவினாள். உள்ளிருந்து ஈரமண் உதிர்ந்தது. மணிக்கட்டில் சிவப்பு நூலில் ஒரு சின்னச் சிலுவை. அவளுடைய தையல்தான்.

மூன்று வருடங்களுக்கு முன், இதே மெஷின் பலிவாங்கிய தன் புருஷனின் சிதைந்த கையை ஊர் பார்க்க வேண்டாமென்று, சவப்பெட்டியை மூடுமுன் அவளே மாட்டிவிட்ட கையுறை அது.