நெஞ்சுவலிக்கு உண்டான வைத்தியம்

கைதாகி ஐம்பத்திரண்டு மணி நேரம் ஆகியும் நடிகர் ஆதிரன் கடலூர் ஜெயிலுக்குப் போகவில்லை. புவனகிரி சாலையில் குடித்துவிட்டுக் காரோட்டி ஒருவரைக் கொன்றவர், நெஞ்சுவலி என்று சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் படுத்திருந்தார். அந்த வலியைச் சொல்லித்தான் திங்கட்கிழமை ஜாமீன் கேட்க இருந்தார்கள்.

நர்ஸ் ரூமானா எந்த வைத்தியத்தையும் விடவில்லை. உப்பில்லாத கஞ்சி கொடுத்தாள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்தாள். கட்டிலைவிட்டு இறங்க விடவில்லை. பெட்பேன்தான்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. சும்மா படுத்திருக்கேன்."

"நெஞ்சுவலின்னா அசையக் கூடாது சார். நாளைக்கு யூரின் டியூப் போடணும்."

காவலுக்கு இருந்த ஏட்டு சிரித்தார். "ஞாயித்துக்கெழமன்னா ஜெயில்ல கோழிக்கறி சார்."

"நான் ஜெயிலுக்கே போயிடறேன்."

"அப்ப எழுதிக் குடுங்க, வலியே வந்ததில்லன்னு" என்றாள் ரூமானா.

ஆதிரன் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ரூமானா அதை ஏட்டிடம் நீட்டினாள். "கோர்ட்டுல குடுத்துடுங்க மாமா."

அப்போதுதான் ஆதிரனுக்கு ஜாமீன் நினைவுக்கு வந்தது.

"ஏம்மா, எம்மேல உனக்கு என்ன கோவம்?"

"நீங்க கார ஏத்திக் கொன்ன தவ்ஹீத், என் கூடப் பொறந்த அண்ணன்."