குசினி வழக்கு

"வீடு அவளுக்கு, குசினி எனக்கு. ரெண்டையும் பிரிச்சு எழுதித் தாங்க, தம்பி" என்று சொல்லிக்கொண்டே வேலன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

அவன் மனைவி ஞானமணி அடுத்த கதிரையைத் திருப்பிப் போட்டுக் கணவனுக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்தாள்.

பாயிஸுக்குச் சிரிப்பு வந்தது. ஆரம்பமே அமர்க்களமாகத்தான் இருந்தது.

பாயிஸ் மூதூர்க்காரன். கொழும்பில் சட்டம் படிக்கிறான். இறுதி ஆண்டு விருப்பப் பாடமாக வரிச் சட்டத்தை எடுத்திருக்கலாம். கணக்குக்குப் பயந்து சட்ட உதவிப் பயிற்சியை எடுத்தான். எடுத்த பிறகுதான் கணக்கைவிட மனிதர்கள் பயங்கரம் என்று தெரிந்தது. திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய வாசிகசாலையில் இலவச ஆலோசனை சொல்ல உட்கார வைத்தார்கள். வருகிறவர்களின் முகத்தைக் கண்டதும் அவனுக்கு வாயடைத்துப் போகும். தான் சொல்லி ஒரு குடும்பம் கெட்டுவிட்டால் என்ன செய்வது? போன வாரம் வந்த ஒரு பெண், இந்தத் தம்பிக்குப் பிறவியிலேயே பேச்சு வராதா என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனாள்.

விரிவுரையாளர் கனகரத்தினம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியாக ஒரு பரீட்சை வைத்தார். பக்கத்துச் சல்லிக் கிராமத்திலிருந்து கூத்துக்காரர் இருவர், சண்டை பிடித்த புருஷன் பெண்சாதியாக வருவார்கள். பாயிஸ் தனியே அவர்களைச் சமாளிக்க வேண்டும். எப்படிச் சமாளித்தான் என்று பிறகு அவர்களையே கேட்டுப் புள்ளி போடுவார். தவறினால் பயிற்சி பறிபோய்விடும். வரிச் சட்டத்தை முதலிலிருந்து படித்து அடுத்த வருடம்தான் வெளியே வரலாம்.

இன்று காலை, சொன்ன நேரத்துக்கு, சல்லியிலிருந்து வருகிறோம் என்று இருவரும் வந்து நின்றார்கள். வெறும் நடிப்புத்தானே என்ற நினைப்பில் பாயிஸுக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. என்ன பிரச்சினை என்று வாய் நிறையக் கேட்டான்.

ஞானமணி சொன்னாள். வீடு அவளுக்குத் தகப்பன் சீதனமாக எழுதிக்கொடுத்தது. சமையலுக்கென்று குசினியை மட்டும் வேலன் தன் கையால் கட்டி ஓடு போட்டான். முந்தாநாள் மனுஷன் கோபத்தில் கூரையில் ஏறி, போட்ட ஓடுகளையெல்லாம் கழற்றிவிட்டான். நேற்று கொட்டின மழையில் அவள் ஒரு கையில் குடையும் மறு கையில் அகப்பையுமாகச் சோறாக்கினாள். சொல்லும்போதே கண்ணீர் பொலபொலவென்று ஊற்றியது. முந்தானையில் வெங்காயம் முடிந்து வைத்திருக்கிறாளோ என்று பாயிஸ் எட்டிப் பார்த்தான்.

ஏன் கழற்றினீர்கள் என்று வேலனைக் கேட்டான். ஞானமணியின் அண்ணன்மார் சாப்பிட வந்த இடத்தில், மீன் குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று வேலன் ஒரு வார்த்தை சொன்னானாம்.

"அவ்வளவு பேருக்கு முன்னால, இது என்ட வீடு, பிடிக்காட்டி வெளிக்கிடுங்க எண்டிட்டாள், தம்பி." வேலனின் குரல் உடைந்தது. பாயிஸ் மனதுக்குள் சபாஷ் போட்டான்.

நிஜமான புருஷன் பெண்சாதி என்றால் இந்த இடத்தில் அவன் மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பான். இன்று நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அக்காட காணியில கட்டின குசினி சட்டப்படி அக்காவுக்குத்தான். கட்டின செலவைக் கேட்கலாம், கூரையைக் கழற்ற ஏலாது. சரி, கழற்றின ஓடெல்லாம் இப்ப எங்க?"

வேலன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"என்ட கட்டிலுக்குக் கீழதான்" என்றாள் ஞானமணி. "பழந்துணி சுத்தி அடுக்கி வைச்சிருக்கார்."

"வீட்டை விட்டுப் போற மனுஷன் ஓடுகளையும் கொண்டெல்லோ போவான். நீங்க அக்காட கட்டிலுக்குக் கீழ, உடையாமச் சுத்தி வைச்சிருக்கிறீங்க. உங்களுக்குப் போக விருப்பமில்ல, அண்ணன். அக்கா அந்தச் சொல்லைத் திருப்பி எடுத்தா இண்டைக்கே ஏறி ஓடு போட்டிடுவீங்க. ஓமா, இல்லையா?"

வேலன் தலையைச் சொறிந்தான். ஞானமணி எழுந்து கதிரையை மெல்லக் கணவன் பக்கம் திருப்பினாள்.

"கோபத்தில வாய் தவறிச் சொல்லிப்போட்டன்" என்றாள். "குழம்பில உப்பும் கூடத்தான்."

வேலன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். அவளும் சிரித்தாள். அவர்கள் வெளிக்கிடும்போது பாயிஸ் வேலனின் காதோடு, என்னைப் பற்றி ரெண்டு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டான். ஊர் முழுக்கச் சொல்லுவோம் என்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான் வேலன்.

சற்று நேரத்தில் கனகரத்தினம் வியர்க்க விறுவிறுக்க வந்தார்.

"வாசல்ல ஒரு புருஷனும் பெண்சாதியும் உங்களை வாழ்த்திப்போட்டுப் போகினம். அவையிட பிரச்சினையை நீங்கள்தானோ தீர்த்தனீங்கள்? பிறகு என்ன, பாஸ்தான்."

"நல்லா நடிச்சாங்க, சேர்" என்றான் பாயிஸ் பெருந்தன்மையாக.

"ஆர் நடிச்சது? பொம்பிளை வேஷம் கட்டுற கதிர்காமத்தம்பிக்குக் காய்ச்சல் எண்டு கூத்துக்காரர் இண்டைக்குச் சல்லியை விட்டே வெளிக்கிடேல்ல" என்றார் கனகரத்தினம்.