ஆஃப்சைடுன்னா என்ன மாமா?

"முதல் உலகக் கோப்பையை எந்த ஊர்க்காரங்க மாமா ஜெயிச்சாங்க?"

சர்வேயர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மனைவியின் குரல் கேட்டது. இன்றைக்கும் ஆரம்பித்துவிட்டாள்.

டிவியில் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது. எதிரே நாற்காலியில் அப்பா. மூன்று மாதத்துக்கு முன் வந்த பக்கவாதம் கை காலை விட்டுவிட்டு நாக்கை மட்டும் பிடித்துக்கொண்டது. ஒரு வார்த்தையை வெளியே கொண்டுவர அவர் படும் பாட்டில், பார்க்கிறவர்களுக்கே மூச்சு வாங்கும்.

"உரு..."

"உருளைக்கிழங்கா மாமா?"

"உரு...கு..."

"உருகுறதா? வெண்ணெயா?"

அப்பா நாற்காலியின் கையில் ஓங்கித் தட்டினார். "உரு...கு...வே. நாடும்மா அது."

"அப்படியா? சரி, அந்தக் கறுப்புச் சட்டைக்காரர் எந்தக் கட்சி? அவரும் கூடக்கூட ஓடுறார், ஒருத்தனும் அவருக்குப் பந்து கொடுக்கலையே. பாவம்."

"ரெ...ஃப...ரீ." அப்பாவின் நெற்றியில் நரம்பு புடைத்தது.

சர்வேயர் பல்லைக் கடித்தார். கால்பந்து என்றால் அப்பாவுக்குச் சோறு தண்ணி வேண்டாம். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே சீனாக்காரன் தோல்பந்தை உதைத்த கதையிலிருந்து, இங்கிலாந்துக்காரர்கள் மதுக்கடையில் கூடி விதிமுறை எழுதிய கதை வரை மூச்சுவிடாமல் சொல்லுவார். மதுக்கடையில் எழுதியதால்தான் ஆஃப்சைடு யாருக்கும் புரிவதில்லை என்பது அவருடைய சொந்த ஆராய்ச்சி. அப்படிப்பட்ட மனுஷரை, பந்துக்கும் பூசணிக்காய்க்கும் வித்தியாசம் தெரியாதவள் பாடாய்ப் படுத்துகிறாளே.

"ஆஃப்சைடுன்னா என்ன மாமா? நேத்து சொன்னீங்க, மறந்துட்டேன்."

"முந்தா நாளும்... சொன்னேன்."

"அதையும்தான் மறந்துட்டேன். கோல்கீப்பர் அசந்த நேரம் பார்த்து அடிச்சா தப்பு, அதானே?"

"அதில்லை. பந்தைத்... தள்ளிவிடுற நேரத்துல... கடைசிக்கு முந்தின ஆளைத்... தாண்டி நிக்கக் கூடாது." சொல்லி முடிப்பதற்குள் அப்பாவுக்கு வியர்த்துவிட்டது.

சர்வேயர் மனைவியை அடுப்படிக்கு இழுத்துப் போனார்.

"உனக்கு மண்டையில ஏதாவது இருக்கா? நோயாளியோட வாயைக் கிளறிக் கேலி பண்றியே. புரியலைன்னா பேசாம சீரியல் பாரு."

அவள் அடுப்பிலிருந்த பாலை இறக்கிவைத்தாள். "நாளைக்கு ஃபைனல்ங்க. அது ஒண்ணு மட்டும்" என்றாள்.

"நாளைக்கு டிவியே கிடையாது."

மறுநாள் காலை அப்பாவைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போகவேண்டும். வழக்கமாக மனைவிதான் போவாள். கோபத்தில் சர்வேயரே கிளம்பினார்.

பயிற்சி கொடுக்கும் அம்மா அரை மணி நேரம் அப்பாவைப் பேசவைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"போன மாசம் தண்ணின்னு சொல்லவே திணறினவர், இப்ப முழுசு முழுசாப் பேசுறாரே. அ, ஆ சொல்லுங்கன்னா வாயைத் திறக்க மாட்டார், கோபம் வந்தாத்தான் பேச்சு வரும்னு உங்க வீட்டம்மாகிட்ட சொல்லியிருந்தேன். நல்லாவே கோபப்படுத்தியிருக்காங்க போல."

சர்வேயருக்கு முகம் சிறுத்துப்போனது. ஆனாலும் வீம்பு விடவில்லை.

"கோபப்படுத்தட்டும்ப்பா. ஆட்டத்தைப் பத்தி நாலு விஷயமாவது தெரிஞ்சுக்கிட்டுக் கேட்கலாமில்ல" என்று வெளியே வந்ததும் முனகினார்.

அப்பா நின்றார். கோணிய வாயில் ஒரு சிரிப்பு.

"அவளுக்கா தெரியாது? காலேஜ் டீம்... கோல்கீப்பர்டா அவ. கல்யாணத்துக்கு முன்னாடியே... அவங்க வீட்டு அலமாரியில கப்பு கப்பாப் பார்த்தேன். எட்டு வருஷத்துல... நீ ஒரு நாளாவது கேட்டியா?"

அப்பா மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

"எனக்குத் தெரியும்னு... அவகிட்ட சொல்லித் தொலைக்காதே. அப்புறம் என்னை... யாருடா கேள்வி கேப்பாங்க?"