பாதி பிரிந்த மடல்

மகள் செண்பகம் நட்ட ஆனைக்கற்றாழைக்கு, மண் நன்றாகக் காய்ந்த பிறகுதான் முத்துப்பேச்சி தண்ணீர் விடுவாள். அதிகம் ஊற்றினால் அழுகிவிடும் என்று செண்பகம்தான் சொல்லியிருந்தாள். அவள் கிணற்றில் தவறி விழுந்து செத்தது போன கோடையில்.

இன்று செடியின் புழுதியைத் துடைக்கும்போது நடுக்குருத்து பாதி பிரிந்திருந்தது. மடலில் வெளுத்த தழும்பாக எழுத்துகள். என்றோ குருத்துக்குள் ஊக்கால் கீறியவை, மடலோடு சேர்ந்து வளர்ந்திருந்தன. செண்பகத்தின் சாய்ந்த கையெழுத்தேதான். ‘அம்மா, அப்பாவை’ என்பதுவரை தெரிந்தது. மிச்சம் சுருளுக்குள் இருந்தது. முத்துப்பேச்சி விரலை விட்டுப் பிரிக்கப் பார்த்தாள். முள் ஏறியதுகூட உறைக்கவில்லை.

“ஏட்டி, அங்கயே என்ன நிக்க? செடிக்குத் தண்ணி வேணுமா?” கிணற்றடியிலிருந்து புருஷன் கேட்டான்.

முந்தானையை இழுத்து மடலை மூடினாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நிறைந்த வாளியோடு அவன் வந்துகொண்டிருந்தான்.